குழிப்பொறியா, சருகுச் சல்லடையா, ராத்திரி டார்ச்சா?

தரைச் சிலந்திகளைக் கணக்கெடுக்கக் கிளம்பினால் பெரும்பாலானோர் முதலில் வைப்பது குழிப்பொறிதான். பிளாஸ்டிக் டம்ளரை விளிம்பு மண்ணோடு சமமாக வரும்படி புதைத்து, உள்ளே விழுந்தவை அழுகாமல் இருக்கக் கொஞ்சம் புரோப்பிலீன் கிளைக்கால் திரவமும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு, மழைக்கு மேலே ஒரு மூடி வைத்தால் வேலை முடிந்தது. சோப்பை மறந்தால் குட்டிச் சிலந்திகள் மூழ்காமல் மேலேயே நிற்கும். எத்திலீன் கிளைக்கால் மட்டும் வேண்டாம்; இனிப்பாக இருக்கும், நக்கிப் பார்க்கும் விலங்குக்கு விஷம்.

மலிவு, ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்யும், எல்லாம் சரி. ஆனால் பொறி காட்டுவது அங்கே எத்தனை சிலந்தி இருக்கிறது என்பதை அல்ல, எத்தனை நடமாடுகிறது என்பதைத்தான். தரையில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்திகளில், இணை தேடி அலையும் ஆண்கள் வந்து குவியும். அதே குடும்பத்து ஹிப்பாசா என்ற சிலந்தி புல்லடியில் விரிப்பு போல வலை கட்டி, அதன் புனல் வாயிலேயே உட்கார்ந்திருப்பதால் டம்ளர் பக்கம் அதிகம் வராது. இத்தனைக்கும் காலைப் பனியில் அந்த வலைகள் புல்வெளி முழுக்க வெள்ளையாகத் தெரியும். அடர்ந்த புல்லில் ஓட்டமே மட்டுப்படும் என்பதால், நீலகிரியில் புல்வெளிப் பொறியையும், சோலை எனப்படும் அடர்ந்த மலைக்காட்டுப் பொறியையும் எண்ணிக்கை வைத்து நேருக்கு நேர் ஒப்பிடுவதை நான் நம்பமாட்டேன்.

சோலைக்குச் சருகுதான். ஒரு சதுர மீட்டர் சருகை அள்ளிச் சலித்து, பெர்லீஸ் புனலில் போட்டு மேலே பல்பை எரியவிட்டால், சருகு காயக் காய உள்ளே இருப்பவை கீழே இறங்கி ஆல்கஹாலில் விழும். சில மில்லிமீட்டரே இருக்கும் ஊனோபிடே குடும்பத்துச் சிலந்திகளைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பரப்பளவும் தெரிந்திருப்பதால் அடர்த்தி சொல்லலாம். சருகே இல்லாத முட்புதர்க்காட்டில் புனலைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்ய?

அங்கே ராத்திரியில் ஹெட்லேம்ப் போட்டுத் தேடலாம். வெளிச்சம் கண் மட்டத்தில் இருந்தால் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் பச்சையாக மினுங்கும். மண்ணில் வளை தோண்டி அதற்கு மூடி போட்டு ஒளியும் பொறிக்கதவுச் சிலந்தியின் வளையையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிக்கல் ஒன்றுதான், பழகிய கண் இரண்டு மடங்கு பிடிக்கும், புதுக்கண் வெறுங்கையோடு வரும். அதனால் ஒரே ஆட்களையே எல்லா இடத்திலும், ஒரே நேர அளவுக்குத் தேடவிட வேண்டும்.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், முட்புதர்க்காட்டுக்குப் பொறி, சோலைக்குப் புனல். இரண்டு காட்டையும் ஒப்பிட வேண்டும் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே முறைகளையே வைத்து, எண்ணிக்கையை விட்டுவிட்டு எந்தெந்த இனம் கிடைத்தது என்று பாருங்கள், அதுவும் முதிர்ந்தவற்றை மட்டும். இனப்பெருக்க உறுப்பு வளராத குஞ்சுகளில் பலவற்றை இனம் வரை கொண்டுபோகவே முடியாது.