ட்ரெய்லரில் லித்தியம் பேட்டரி: நான்கு வருடம், மூன்று சார்ஜர்

"அண்ணே, 100 ஆம்பியர் கன்வர்ட்டர் சலுகை விலையில வருது, வாங்கிடட்டுமா?" டெக்சஸிலிருந்து தம்பி முறையுள்ள நண்பன் போன மாதம் கேட்டான். வெளியிலிருந்து வரும் ஏசி கரண்ட்டை டிசியாக மாற்றி ட்ரெய்லரின் பேட்டரியை ஏற்றுகிற கருவிதான் கன்வர்ட்டர். "முதல்ல உன்கிட்ட எத்தனை பேட்டரி, என்ன ஜெனரேட்டர்னு சொல்லு" என்றேன். இதே கேள்வியை என்னிடம் யாராவது 2021-இல் கேட்டிருந்தால் எனக்கு ஒரு சார்ஜர் செலவு மிச்சமாகியிருக்கும்.

நாங்கள் இருப்பது டென்வர் பக்கம். வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்குகிற 24 அடி ட்ரெய்லர். லீவு கிடைத்தால் மலையேறிவிடுவோம். பழைய லெட்-ஆசிட் பேட்டரிகளை எடுத்துவிட்டு, 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு போட்டேன். ட்ரெய்லரோடு வந்த கன்வர்ட்டரை மாற்றவில்லை. அது 13.6 வோல்ட்டிலேயே நிற்கிற ரகம். சார்ஜ் ஏறத்தான் செய்தது, ஆனால் மெதுவாக, கடைசிப் பகுதி ஏறாமலே. எட்டு மாதம் போனபின் ஒரு பேட்டரி மட்டும் நேரத்துக்கு முன்பே கட் ஆக ஆரம்பித்தது. காரணம் எளிது. உள்ளே நான்கு செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் உச்சம் 3.65 வோல்ட், மொத்தம் 14.6. 13.6 கொடுத்தால் செல்லுக்கு 3.4தான் கிடைக்கும். பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் மின்னணுச் சுற்றான பிஎம்எஸ் செல்களைச் சமப்படுத்தத் தொடங்குவது பெரும்பாலும் அதற்கு மேலேதான். சமப்படுத்தவே வாய்ப்பில்லாததால் செல்கள் ஒன்றுக்கொன்று விலகிப்போயின. 14.4 வோல்ட்டில் சில தடவை முழுக்க ஏற்றிய பிறகே அந்தப் பேட்டரி சரியானது.

இரண்டாவதாக நான் வாங்கியது சார்ஜரே அல்ல, எல்இடி பலகைகளுக்குப் போடும் பவர் சப்ளை. திருகைத் திருப்பி 14.4 வைத்தால் போதும் என்று நினைத்தேன். பேட்டரி பாதிக்குமேல் காலியாக இருந்த ஒரு மாலை அதை இணைத்தேன். ஒரு வினாடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இரவு முழுக்க அப்படியே. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு, கிடைக்கிற கரண்ட்டையெல்லாம் இழுக்கும். அளவு மீறியதும் அந்த ரக சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து அணைந்து எரியும். நமக்கு வேண்டியது எல்லையைத் தொட்டதும் வோல்ட்டேஜைத் தாழ்த்தி, கரண்ட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கிற சாதனம். சிசி-சிவி (CC-CV, அதாவது நிலையான கரண்ட், நிலையான வோல்ட்டேஜ்) என்று விவரக்குறிப்பில் போட்டிருக்கும். அந்த எழுத்துகள் இல்லாத பவர் சப்ளையை, வோல்ட்டேஜ் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

இப்போது மூன்று வருடமாக ஓடுவது லித்தியத்துக்கென்றே வந்த 45 ஆம்பியர் கன்வர்ட்டர். 14.4-க்கு ஏற்றி, பின்பு 13.6-க்கு இறங்கிவிடும். லெட்-ஆசிட்டை அவ்வப்போது கூடுதல் வோல்ட்டேஜில் ஏற்றிச் சமப்படுத்தும் ஈக்வலைஸ் முறை இதில் கிடையாது. அது 15 வோல்ட்டைத் தாண்டுவதால் இல்லாமலிருப்பதே நல்லது.

ஏன் 45? என்னுடைய ஜெனரேட்டர் தொடர்ந்து தரக்கூடியது 1,800 வாட். ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் அதில் சுமார் 3 முதல் 4 சதவீதம் குறையும். நாங்கள் அடிக்கடி தங்குவது 9,000 அடியில், அங்கே 1,250 வாட் மிஞ்சினால் பெரிது. 100 ஆம்பியர் கன்வர்ட்டர் 14.4 வோல்ட்டில் வெளியே தருவதே 1,440 வாட், உள்ளே இழுப்பது 1,700 பக்கம். பவர் ஃபேக்டர் திருத்தம் (கரண்ட்டைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) இல்லாதவை இன்னும் பாரமாக இருக்கும். ஜெனரேட்டர் அதைத் தாங்காது. 45 ஆம்பியருக்கு 800 வாட் போதும், பக்கத்தில் ரைஸ் குக்கர்கூட ஓடும். 30 சதவீதத்திலிருந்து நிரம்ப மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. தேசியப் பூங்கா முகாம்கள் பலவற்றில் ஜெனரேட்டருக்குக் காலையிலும் மாலையிலும் சில மணி நேரமே அனுமதி. இரண்டு வேளையில் முடிந்துவிடுகிறது.

ஒயர் விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பேட்டரி முன்பக்கக் கொக்கியருகே வெளியில் இருந்தது, கன்வர்ட்டர் நான்கு மீட்டர் தள்ளி. நடுவில் 8 கேஜ் ஒயர் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும்). மீட்டர் வைத்துப் பார்த்தால் கன்வர்ட்டர் முனைக்கும் பேட்டரி முனைக்கும் முக்கால் வோல்ட் வித்தியாசம்! கன்வர்ட்டர் 14.4-ஐ எட்டிவிட்டதாக நினைத்துக் கரண்ட்டைக் குறைக்க, பேட்டரியோ இன்னும் பசியோடு இருந்தது. குளிர்காலத்தில் இன்னொன்று. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதமாகும். அதனால் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும். மைனஸ் எட்டில் ஒரு காலை ஜெனரேட்டர் இரண்டு மணி நேரம் சும்மா ஓடியது. ஊருக்குத் திரும்பியதும் பேட்டரிகளை உள்ளே கட்டிலுக்கு அடியில், கன்வர்ட்டரிலிருந்து ஒரு மீட்டரில் வைத்து, 6 கேஜ் ஒயரும் பேட்டரி ஓரத்திலேயே ஃப்யூஸும் போட்டேன். ஒயர் பிரச்சினை, குளிர் பிரச்சினை இரண்டும் அந்த ஒரு வேலையில் தீர்ந்தன.

இழுக்கும் வண்டியிலிருந்து ஏற்ற, கரண்ட்டை அளவோடு எடுத்துக் கொடுக்கும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் தனியாக உண்டு. நேரடியாக இணைத்தால் வண்டி எஞ்சினில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சூடாகிவிடும். நவம்பரில் ட்ரெய்லரை நிறுத்தும்போது பேட்டரி பாதியில் இருக்கும்படி விட்டு, கன்வர்ட்டரின் பிரேக்கரை இறக்கிவிடுவேன்.

நண்பனிடம் இருப்பது 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றே ஒன்று. அதன் உறையிலேயே அதிகபட்ச சார்ஜ் 50 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதாம். 35 ஆம்பியர் போதும் என்று சொல்லி, ஒயர் எத்தனை கேஜ் என்று பார்க்கச் சொன்னேன். நேற்று படம் அனுப்பினான்: 10 கேஜ். முதலில் அதை மாற்றப் போகிறான்.