மேட்டுப்பாளையத்தில் வாடகை வண்டி பிடித்து உதகைப் பூங்காவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கடந்த மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஏழு வயது மகளையும் நான்கு வயது மகனையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு நானும் கணவரும் உதகை அரசு தாவரவியல் பூங்காவைப் பார்க்கச் சென்று, அங்கே முழுதாக நாற்பது நிமிடம்கூட இருக்க முடியாமல் திரும்பினோம். சென்னையிலிருந்து இரவு நீலகிரி விரைவு வண்டியில் ஏறி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அன்றிரவே ஊர் திரும்பும் குடும்பங்கள் விடுமுறையில் ஏராளம் என்பதால், நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

மலை ரயிலில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி இருந்ததால் பேருந்தைத் தவிர்த்து, நிலைய வாசலில் தாமாகவே வந்து பேசிய ஓர் ஓட்டுநரிடம், மேலே போய்த் திரும்ப 4,500 ரூபாய் என்று முடிவு செய்தோம். "பத்து மணிக்குப் பூங்காவுல இறக்கிவிட்டா நாலு மணிக்குத்தானுங்க ஏத்துவேன், குழந்தைங்க நல்லா விளையாடட்டும்" என்றார் அவர். அதை ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை.

வண்டி மலையடிவாரத்திலுள்ள கல்லாறைத் தொடுவதற்கு முன்பே இ-பாஸ் கட்டணம் என்று 500 ரூபாய் கேட்டார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குக் கட்டணமே கிடையாது, அரசு இணையதளத்தில் விவரங்களைப் பதிந்தால் இலவசமாகவே கிடைக்கும் என்பது தெரியாது. சோதனைச் சாவடி வரிசையில் பக்கத்து வண்டியில் இருந்த திருப்பூர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஓட்டுநரிடம் கேட்டதற்கு, "அது சொந்த வண்டிக்குங்க, வாடகை வண்டிக்குப் பணம் கட்டணும்" என்றார். அது உண்மையல்ல. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ செல்பவர்களுக்கு இ-பாஸே தேவையில்லை.

குன்னூரைத் தாண்டியதும், பூங்காவுக்கு முக்கியப் பிரமுகர் வருவதால் பகல் ஒரு மணி வரை யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லி, ஒரு தேயிலைக் கடைக்கும், அடுத்து ஒரு சாக்லேட் கடைக்கும், பிறகு நீலகிரித் தைலம் விற்கும் இடத்துக்கும் அழைத்துச் சென்றார். ஒவ்வொன்றிலும் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துச் சோர்ந்திருந்த மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றோம். சாக்லேட் கடையில் நாங்கள் பணம் கொடுத்ததும் கல்லாவில் இருந்தவர் ஒரு நீள நோட்டைத் திறந்து, எங்கள் வண்டியின் எண்ணை எழுதி, அதற்கு நேரே பில் தொகையையும் குறித்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். ஓட்டுநருக்கு அங்கே கமிஷன் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. "இதுவும் தாவரவியல் பூங்காதானுங்க, கூட்டம் இருக்காது" என்று ஒரு கடையின் பின்புறத்தில் இருந்த தனியார் இடத்தில் இறக்கிவிட்டார். நான்கு வயதுப் பிள்ளையையும் சேர்த்து ஆளுக்கு 150 ரூபாய் வாங்கினார்கள். உள்ளே இருபது முப்பது பூந்தொட்டிகளும், வண்ணம் உரிந்த ஒரு சிமெண்ட் மானும், சங்கிலி அறுந்த ஊஞ்சல் ஒன்றும்தான் இருந்தன. மகள் ஒரு சுற்று வந்துவிட்டு, "கல்லான மரம் எங்கேம்மா?" என்று கேட்டாள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழைமையான புதைபடிவ மரம் உதகைப் பூங்காவில் இருக்கிறது என்று அவளுடைய ஆசிரியை வகுப்பில் சொல்லியிருந்தார். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கணவர் குரலை உயர்த்திய பிறகே அரசுப் பூங்காவுக்கு வண்டி திரும்பியது. போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். நுழைவாயிலில் சீட்டைச் சரிபார்த்த ஊழியரிடம் காலையில் மூடியிருந்ததா என்று கேட்டேன். "இல்லம்மா, காலையில ஏழு மணியிலேருந்து திறந்துதான் இருக்கு. யாரும் வரலையே" என்றார் அவர்.

1848இல் மெக்ஐவர் என்ற பிரிட்டிஷ் தோட்டக்கலை வல்லுநர் உருவாக்கத் தொடங்கிய அந்தப் பூங்கா, தொட்டபெட்டா மலைச்சரிவில் 55 ஏக்கரில் படிப்படியாக மேலேறிச் செல்கிறது. குழந்தைகளுடன் அதை நிதானமாகப் பார்க்க ஒரு பகல் முழுவதும் வேண்டும். நாங்கள் கீழ்ப்புறப் புல்வெளியில் கொஞ்ச நேரம் இருந்தோம்; மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, அந்தக் கல்மரத்தைக் காட்டிவிட்டு வந்தேன். கண்ணாடி மாளிகைக்குப் போகவில்லை, மேலேயுள்ள, தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்கும் ஏறவில்லை. மகன் தூங்கிவிட்டான். இரவு ரயிலைப் பிடிக்க நாலரை மணிக்குள் கிளம்பியாக வேண்டியிருந்தது.

இறங்கும்போது கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போவதாகச் சொல்லி மேலும் 800 ரூபாய் கேட்டார். கோடை சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாகக் காவல்துறையே மாற்றிவிடுவது வழக்கம்; அந்த மலையில் வண்டி ஓட்டும் எவருக்கும் அது தெரியாமல் இராது. ரயில் தவறிவிடுமோ என்ற அச்சத்தில் கொடுத்துவிட்டோம்.

ஆகவே நீங்கள் போவதாக இருந்தால், பார்க்கப் போகும் இடத்தின் முழுப் பெயர், இறக்கிவிடும் நேரம், மொத்தத் தொகை, இறங்கும் வழி ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் எழுதி ஓட்டுநரின் ஒப்புதலை வாங்கிய பின்பே ஏறுங்கள். பூங்கா மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும், நேரே நுழைவாயிலுக்கே போகச் சொல்லுங்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தை மட்டும் கொடுத்து, மீதியைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள்.

இ-பாஸுக்கென்று கொடுத்த 500 ரூபாயை மட்டும் கணவர் கைபேசி வழியாக அனுப்பியிருந்ததால் அதற்குச் சான்று இருக்கிறது. அதை இணைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறோம். காலாண்டு விடுமுறையில் மகளை மறுபடியும் அழைத்துப் போகிறேன், இந்த முறை மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில்.