செட்டிநாட்டிலிருந்து ஒரு பிற்பகல் பாய்ப்படகுப் பயணம்: தொண்டியா, காரங்காடா, மண்டபமா?

காரைக்குடியில் கடல் என்றாலே முதலில் வாயில் வருவது தொண்டிதான். தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் கடல். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஆனால் ஆறு பேர் சேர்ந்து மதியம் படகேறி, பாய் விரித்து ஓடி, நடுவில் இறங்கி நீந்தி, படகிலேயே சாப்பிட்டு, சூரியன் கடலில் இறங்குவதையும் பார்த்துவிட்டுக் கரை சேர வேண்டும் என்றால், தொண்டியில் கடைசி ஆசை நிறைவேறாது. அந்தக் கரை கிழக்குப் பார்த்தது. சூரியன் கடலிலிருந்து எழும். இறங்குவது பனைமரங்களுக்குப் பின்னால், நீங்கள் வந்த சாலைப் பக்கம். அதுவும் அழகுதான். ஆனால் கடலில் சூரியன் இறங்கும் என்று சொல்லி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

செட்டிநாட்டிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பத் தோதான வழிகள் மூன்று. ஒன்று, தொண்டி, நம்புதாளைப் பக்கம் மீனவர் படகு. இரண்டு, தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே உள்ள காரங்காடு. வனத்துறை ஊர்மக்களோடு சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரி. மூன்று, ராமநாதபுரம் தாண்டி அரியமான், மண்டபம் கரையில் பாய்ப்படகுப் பயிற்சி கொடுப்பவர்களோடு போவது. மண்டபத்துக்குக் காரைக்குடியிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது.

மாதத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்யுங்கள்

பலர் முதலில் கட்டணத்தை விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது காற்றை.

மண்டபம் மெல்லிய நாக்குப் போலக் கடலுக்குள் நீண்ட நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் ராமேசுவரம் பக்கத்தில் சொல்வார்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும். நடுவில் உள்ள நிலம் அலையைத் தடுத்துவிடுவதால் வடகரை ஓரம் தட்டையாகக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை வடகிழக்கிலிருந்து வந்தால் இது அப்படியே தலைகீழ்.

இதோடு சூரியனையும் சேர்த்துப் பாருங்கள். ஜூனில் சூரியன் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி மறைகிறது. மண்டபத்தின் வடகரையில் நின்றால் அந்தத் திசையில் இருப்பது கடல். டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி மறைகிறது. தென்கரையில் நின்றால் அப்போதும் கடல். எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் அமைதியாக இருக்கிறதோ, அந்தப் பக்கமே சூரியனும் கடலில் இறங்குகிறது. நீளமான பயணத்தையும் மீறி மண்டபத்தை நாங்கள் முதலில் வைப்பதற்கு இந்த ஒரு பொருத்தமே போதும். மார்ச், செப்டம்பர் பிற்பகுதியில் மட்டும் சூரியன் நேர் மேற்கே, நிலத்தின் நீளவாட்டில் இறங்கும். அப்போது கடல் மறைவு கிடைக்காது.

நல்ல மாதங்கள் என்றால் வடகடலுக்கு ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் வரை, தென்கடலுக்குத் தை, மாசி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையோடு மழையும் காற்றழுத்தத் தாழ்வும் வரும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற தேசியக் கடல் தகவல் மையம் வெளியிடும் அலை முன்னறிவிப்பை முதல் நாள் இரவும் அன்று காலையும் பாருங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏறியிருந்தால் பேச்சே வேண்டாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தேவிபட்டினம், சேதுக்கரை, ராமேசுவரம் சாலைகள் நிரம்பி வழியும், அன்று போகாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் கடலில் நெரிசல் குறைவு. பாய்ப்படகுக்கு இது பெரிய வசதி.

படகுகள் எப்படி

தொண்டிப் பக்கத்துப் பாரம்பரியப் படகு வத்தை. பலகைகளால் கட்டிய, நீண்டு குறுகிய உடல். காற்று வரும் பக்கம் ஒரு பலகையை வெளியே நீட்டி, அதன் மேல் ஆள் ஏறி நின்று படகு சாயாமல் பார்த்துக்கொள்வார்கள். கோயில் திருவிழாக்களை ஒட்டி இந்தக் கரையில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்தால் அந்தக் கைத்திறன் புரியும். பாய்மரக் கலை இன்னும் உயிரோடு இருக்கும் கரை இது. அதைப் பார்க்கவாவது ஒருமுறை போக வேண்டும்.

ஆனால் குழுவாக ஏறுவது வேறு விஷயம். மீன்பிடிக்கப் பதிவான படகு, பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற படகு ஆகாது. விபத்து என்றால் காப்பீடு கைகொடுக்காது. கடலோரக் காவல் படை மறித்தால் படகுக்காரருக்கும் தொல்லை. பயணிகளுக்கான அனுமதித் தாள் கையில் உள்ள படகு கிடைத்தால் மட்டும் தொண்டி. இல்லையென்றால் கரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

காரங்காட்டில் பாய் கிடையாது. எஞ்சின் படகும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகும்தான். அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடை வழியாகப் போய்க் கடல் முகம் வரை பார்க்கலாம். ஆச்சிகளும் சின்னப் பிள்ளைகளும் உள்ள குழு என்றால் மூன்றில் இதுதான் சரி: அலை இல்லை, தலைசுற்றல் இல்லை, ஏறி இறங்க ஆள் கை கொடுப்பார்கள். அன்றைய கடைசிச் சவாரி எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்னரே கேளுங்கள். வனத்துறை நேரத்துக்கும் சூரியன் மறையும் நேரத்துக்கும் ஒத்துவராமல் போகலாம்.

மண்டபம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் சிறிய பயிற்சிப் பாய்ப்படகுகளும் இரட்டை உடல் படகுகளும். இரட்டை உடல் படகில் நடுவே வலைத்துணி கட்டியிருக்கும். உட்கார்ந்த இடத்திலேயே நனைவீர்கள், சாப்பாடு வைக்க இடம் இராது. மூன்று நான்கு பேருக்கு மேல் ஏற்றினால் படகு மந்தமாகி, திரும்ப மறுக்கும். ஆகவே ஆறு பேருக்கு இரண்டு பாய்ப்படகு, கூடவே எஞ்சின் வைத்த துணைப் படகு ஒன்று என்று பேசுங்கள். சாப்பாடு, குடிநீர், மாற்றுத் துணி, கைப்பேசி எல்லாம் துணைப் படகில். துணைப் படகு இல்லை என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

காரணம் இதுதான். கச்சான் காலத்தில் வடகரையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் தண்ணீர் குளம் போலத் தெரியும். அரை மைல் போனதும் காற்றின் முழு வேகம் பிடிக்கும். வெளியே போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. கரைக்கு இணையாக ஒரு கிலோமீட்டருக்குள் ஓடினால் காற்று போகும்போதும் வரும்போதும் பக்கவாட்டிலேயே இருக்கும். புதியவர்களுக்கு அதைவிட இலகுவான ஓட்டம் இல்லை. தொண்டியில் கரை வடக்கு தெற்காகப் போவதால், அதே தென்மேற்குக் காற்றில் முதலில் தெற்கே காற்றை எதிர்த்துப் போய்விட்டு, களைத்தபின் காற்றோடு திரும்ப வேண்டும். மாற்றிச் செய்தவர்கள் இருட்டில் மாட்டுவார்கள். பாம்பன் பாலத்துக்கு அடியில் பாயோடு போகக் கேட்காதீர்கள். இரண்டு கடலும் அந்தக் குறுகிய வாயில் வழியாகத் தண்ணீர் மாற்றிக்கொள்கின்றன, நீரோட்டம் வலுவானது.

நீந்துவது

ஊருணியில் நீச்சல் பழகியவர்கள் பலர். அந்தத் தைரியம் கடலில் பாதிதான் செல்லும். பாய் ஏறிய படகு மெதுவாகப் போவதாகத் தோன்றும் இரண்டு நாட் (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வேகத்திலும் நிமிடத்துக்கு 60 மீட்டர் நகர்கிறது. சாதாரணமாக நீந்துகிறவர் அதை எட்டவே முடியாது. எனவே பாயை இறக்கி, நங்கூரம் போட்டு, படகு நின்றதை உறுதி செய்த பிறகே ஒருவர் இறங்க வேண்டும். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்கு: மூன்று மீட்டர் ஆழத்துக்குப் பதினைந்து மீட்டர். குறைத்தால் நங்கூரம் மண்ணில் பிடிக்காமல் இழுபடும். படகின் பின்புறம் இருபது மீட்டர் கயிற்றின் முனையில் மிதவை கட்டி விடுங்கள். நீரோட்டம் இழுத்தால் பிடித்துக்கொள்ள அதுதான் கை. ஒருவர் எப்போதும் படகில் இருந்து தலைகளை எண்ண வேண்டும்.

ஏறுவதற்கு ஏணி இருக்கிறதா என்று கரையிலேயே பாருங்கள். நனைந்த உடம்போடு, களைத்த கையோடு, படகு விளிம்பைப் பிடித்து ஏறுவது இளைஞர்களுக்கே கடினம். ஏணி இல்லையென்றால் தடித்த கயிற்றில் முழங்கால் உயரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று என இரண்டு வளையம் போட்டு விளிம்பில் கட்டினால் கால் வைக்கப் படியாகும்.

அடித்தரை மூன்று இடத்திலும் மூன்று மாதிரி. தொண்டியில் வெகுதூரம் ஆழமே இல்லை. சேறும் கடற்புல்லும், கால் புதையும். காரங்காட்டில் அலையாத்திச் சேறு, நீந்தத் தோதில்லை. மண்டபத்தின் வடகரையில் மணல் திட்டுகள் கிடைக்கும். நீச்சலுக்கு நாங்கள் கைகாட்டுவது அதைத்தான். தென்கடலில் பவளப்பாறை உண்டு. காலைக் கிழிக்கும், நம் கால் பட்டாலும் அது சாகும். அங்குள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால், வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் இறங்கவோ அருகே நங்கூரம் போடவோ கூடாது.

நங்கூரத்தைக் கடற்புல் மேல் போடாமல் வெள்ளையாகத் தெரியும் மணலில் போடச் சொல்லுங்கள். அந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா என்று மீனவர் சொல்லும் கடற்பசு வாழ்கிறது. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் அதற்கென 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வேகமாகப் போகும் எஞ்சின் படகு அதற்குப் பகை. பாய்ப்படகால் அதற்குத் தொல்லை இல்லை.

ஆழம் குறைந்த இடத்தில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்துங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை அமிழ்த்தி வைத்தபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு பெரிய பிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோவது அதற்காக. சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல்நீரால் கழுவுங்கள்.

சாப்பாடு

பிரியாணிதான் வேண்டும் என்று யாராவது நிற்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். எண்ணெயும் மசாலாவும் ஏறிய வயிறு படகு ஆடும்போது முதலில் கலங்கும். கிளம்பும்போது அரை வயிறு, இட்லியோ தயிர்சாதமோ போதும். முழுச் சாப்பாடு நீந்தி ஏறிய பிறகு, படகு நங்கூரத்தில் நிற்கும்போது.

இந்த விஷயத்தில் செட்டிநாட்டுச் சமையலறைக்கு ஈடு கிடையாது. கட்டுச்சோறு நம் வழிநடைப் பண்டம்தானே. ஆறு பேருக்கு முக்கால் கிலோ அரிசியில் புளியோதரை, முக்கால் கிலோ எலும்பில்லாத கறியில் உப்புக்கறி, சுண்ட வறுத்தது. ஈரம் இல்லாததால் வெயிலில் கெடாது, கையில் ஒழுகாது. இனிப்புக்குக் கந்தரப்பம் ஆளுக்கு இரண்டு. கொறிக்கச் சீப்புச்சீடையும் தேன்குழலும். வெள்ளைப் பணியாரத்தை எடுக்காதீர்கள், ஆறினால் ரப்பர். தேங்காய்ச் சட்னி மூன்று மணி வெயிலில் புளித்துவிடும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல் போதும்.

வாழையிலை கடற்காற்றில் பறக்கும். மூடியுள்ள தூக்குவாளியும் ஆழமான கிண்ணமும் கரண்டியும் கொண்டுபோங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், தவிரப் பானகம் ஒரு தூக்கு: வேர்த்த உடம்புக்கு வெல்லமும் உப்பும் சேர்ந்து நன்றாக ஏற்கும். வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன் போட வேண்டும். ஆட்டம் தொடங்கியபின் போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். மீன்தான் வேண்டும் என்றால் காரங்காட்டில் முன்கூட்டியே சொல்லி ஊர்ச் சமையலைச் சாப்பிடலாம். இந்த ஒன்றில் மண்டபத்தைவிடக் காரங்காடு மேல்.

நேரக் கணக்கு

மண்டபத்தில் ஜூன், ஜூலையில் சூரியன் மறைவது மாலை 6.40-ஐ ஒட்டி. நவம்பர் கடைசியில் 5.50. மறைந்தபின் இந்த அட்சரேகையில் வெளிச்சம் இருபது நிமிடம்தான் நிற்கும், அதற்குள் படகு கரை தட்ட வேண்டும். பின்னாலிருந்து எண்ணுங்கள்: ஜூனில் 5.45-க்குக் கடைசி நங்கூரத்தை எடுத்துக் கரையைப் பார்த்துத் திருப்பி, வழியிலேயே சூரியனைப் பாருங்கள். பொழுது சாயும்போது கடற்காற்று பலநாள் விழுந்துவிடும். அப்போது கூச்சப்படாமல் துணைப் படகை இழுக்கச் சொல்லுங்கள். நான்கு மணிக்கு நீச்சல், ஐந்துக்குச் சாப்பாடு, மூன்றுக்குப் படகேற்றம் என்றால் காரைக்குடியை விட்டு 11.30-க்காவது கிளம்ப வேண்டும். தை மாதத்தில் அதை அரை மணி முன்னே தள்ளுங்கள்.

பணம் கொடுக்குமுன் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுப் பாருங்கள்: தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் காது வரை ஏறக் கூடாது. பிள்ளைகளுக்குத் தொடைக்கு நடுவே வார் உள்ளதுதான் சரி. கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரக் காவல் நிலைய எண் 1093. இரண்டையும் கரையில் நிற்கும் ஓட்டுநர் கைப்பேசியிலும் ஏற்றி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். அரை மணி தாண்டினால் அவர் கூப்பிட வேண்டும்.