சாண்டர்ஸ் தியேட்டர்: மைக்கை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய அரங்கம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாண்டர்ஸ் தியேட்டரில் காதுக்குத்தான் முதல் மரியாதை. கண்ணும் காலும் அதற்குப் பிறகுதான். டிக்கெட் எடுப்பவர்களும் சரி, மேடை ஏறுபவர்களும் சரி, இதை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம் இருக்காது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள மெமோரியல் ஹாலின் ஒரு பகுதிதான் இந்த அரங்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் நின்று உயிர்நீத்த ஹார்வர்டுக்காரர்களுக்கு 1870-களில் எழுப்பிய நினைவுக் கட்டடம் அது. வடிவமைத்தவர்கள் வேர், வான் ப்ரன்ட் என்ற இரு கட்டடக் கலைஞர்கள். இடைவேளையில் நாம் போய் நிற்கும் நீண்ட கூடத்தில், சுவரில் பதித்த பலகைகளில் 136 பேரின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கவாவது அரைமணி முன்னதாகப் போகலாம்.

உள்ளே ஏறத்தாழ 1,000 பேர் உட்காரலாம். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ரென் கட்டிய ஷெல்டோனியன் அரங்கத்தைப் பார்த்து எழுந்த அமைப்பு இது: முன்னால் நீளும் மேடை, அதைப் பிறைபோல் வளைத்த இருக்கை வரிசைகள், திரும்பிய பக்கமெல்லாம் மரம். பிறை வடிவத்தால் கடைசி வரிசையும் மேடையிலிருந்து அதிக தூரம் போவதில்லை. குரல் எங்கும் மோதாமல் நேராகக் காதுக்கு வந்து சேர்கிறது. சொல் தெளிவாகக் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான். மரப்பலகைகள் தாழ்ந்த ஒலியைக் கொஞ்சம் விழுங்கிவிடுவதால் செல்லோவும் ஆண்குரலும் குமுறுவதில்லை.

இந்த நல்ல ஒலிதான் ஒரு விஞ்ஞானத்துக்கே வித்திட்டது. 1895-ல் ஹார்வர்டின் ஃபாக் கலைக்கூடம் திறந்தபோது, அதன் விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை. சொன்ன சொல் ஐந்து வினாடிக்கு மேல் அடங்காமல் அடுத்த சொல்லின்மேல் ஏறி நின்றது. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியருக்கு வந்தது. அவர் கையிலெடுத்த கருவி, சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகள்! இரவில் ஊர் அடங்கிய பிறகு மெத்தைகளைச் சுமந்துபோய் அந்த அறையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பினார். வினாடிக்கு 512 அதிர்வுள்ள ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, முழக்கம் காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரம் அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. எல்லாவற்றையும் போட்டபோது சுமார் ஒரு வினாடிக்கு வந்துவிட்டது.

அதிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் அரங்கம் கட்டுபவர்களின் முதல் கணக்கு: அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சு பரப்பால் (சதுர மீட்டரில்) வகுத்தால் எதிர்முழக்க நேரம், அதாவது ஒலி நின்றபின் முழக்கம் அடங்க எடுக்கும் நேரம், வினாடியில் கிடைக்கும். 3,000 கன மீட்டர் அறையில் உறிஞ்சு பரப்பு 300 சதுர மீட்டர் என்றால் 1.6 வினாடி. பாட்டுக்கு இது சுகம். பேச்சுக்கு ஒரு வினாடியை ஒட்டி இருந்தால் மேல்.

இருக்கை தேர்வில்தான் பலர் தவறுகிறார்கள். வாய்ப்பாட்டுக்கு மேடைக்கு நேரெதிரே, நடுவில் எடுங்கள். பாடகரின் குரலில் உயர்ந்த அதிர்வுகள் முன்பக்கமாகவே பாயும். பிறையின் இரு நுனிகளில் உட்கார்ந்தால் ராகம் கேட்கும், மெய்யெழுத்துகள் மழுங்கும். பியானோவுக்கு இடது ஓரம் ஆசை காட்டும், ஏனென்றால் விரல்கள் தெரியும். ஆனால் திறந்த மூடி ஒலியை வலப்பக்கம் தள்ளுவதால், நடுவிலிருந்து சற்று வலமாக உட்காருவதே நல்லது. மேல் தளங்களில் சில இடங்களைத் தூண்கள் மறைக்கும். வரைபடத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பெஞ்சு இருக்கைகளில் கால் நீட்ட இடம் குறைவு, உயரமானவர்கள் நடைபாதை ஓரத்தைக் கேட்டு வாங்குவது உத்தமம்.

1943 செப்டம்பரில் கௌரவப் பட்டம் பெற வந்த சர்ச்சில் உரையாற்றியது இந்த மேடையில்தான். பெரிய வகுப்புகள், சிறு குழு வாசிக்கும் அறை இசை, சேர்ந்திசை, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குப் பரிசு தரும், பல ஆண்டுகள் இங்கே நடந்த இக் நோபல் விழா என இதன் பயன் விரிந்தது. காட்சி மாற்றும் நாடகத்துக்கு மட்டும் இடம் தோது இல்லை. மேலே காட்சித்திரையை ஏற்றி மறைக்கும் மாடமோ, பக்கவாட்டில் பெரிய மறைவிடமோ கிடையாது.

ஒலிபெருக்கி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கரை உயரத் தூக்கிப் பின்சுவரை நோக்கி வைத்தால், மரத்தில் பட்டுத் திரும்பும் ஒலி சொல்லைக் கலைத்துவிடும். தாழ்வாக வைத்து, ஆட்கள் உட்காரும் பரப்பை நோக்கிச் சாய்த்து, அளவைக் குறையுங்கள். தனிக் குரல், வயலின், புல்லாங்குழல் என்றால் மைக்கே வேண்டாம். மெத்தை போட்ட இருக்கை காலியாக இருந்தாலும் ஒலியை ஓரளவு உறிஞ்சும். அதனால் பகலில் ஆளில்லாத அரங்கில் ஒத்திகை பார்க்கும்போது கேட்கும் ஒலி, மாலையில் கூட்டம் நிறைந்த பிறகு, மெத்தை இல்லாத அரங்கில் மாறும் அளவுக்கு மாறாது. ஒத்திகையில் நண்பர் ஒருவரை மேல் தளத்தின் கடைசி வரிசையில் உட்காரவைத்து, வரிகள் புரிகின்றனவா என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள்.