விக்டரி மாதிரிக் கப்பல்: பின்பகுதிச் சட்டகத்தில் தடுக்கிய பெட்டி

1765இல் இங்கிலாந்தின் சாத்தம் துறையில் நீரில் இறக்கப்பட்டு, 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கொடிக்கப்பலாக (தலைமைக் கப்பலாக) நின்ற விக்டரி போர்க்கப்பலை 1:72 அளவில் கட்டுவதற்கான இந்த மர உதிரிபாகப் பெட்டியில், அடிக்கட்டையும் குறுக்குச் சட்டங்களும் லேசரால் துல்லியமாக வெட்டப்பட்டிருந்ததால் முதல் வாரம் சிரமமின்றிக் கழிந்தது.

சோதனை பின்பகுதியில்தான் தொடங்கியது. சாளர வரிசைகளைத் தாங்கும் செங்குத்துச் சட்டங்கள் பின்னோக்கிச் சாய வேண்டும். அதே சமயம், மேலே செல்லச் செல்லக் கப்பலின் உடல் குறுகுவதால், நடுச்சட்டம் நேராக நிற்க, ஓரத்துச் சட்டங்கள் உட்புறமாகச் சரிய வேண்டும். இந்த இரட்டைச் சாய்வுக்கு வரைபடத்தில் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று மட்டுமே உள்ளது. பின்புறத் தோற்றம் இல்லை. பசை காய்ந்த பிறகே, இடது ஓரச் சட்டம் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நிற்பதைச் சாளரச் சட்டத்தை வைத்துப் பார்த்தபோது கண்டேன். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பசையை இளக்கி, அட்டையில் வெட்டிய அச்சொன்றைச் செருகி, மீண்டும் ஒட்ட ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

பெட்டி தருவது 1803க்குப் பிந்தைய மூடிய பின்புறம். அதற்கு முன்பிருந்த திறந்த உப்பரிகைகளை விரும்புவோருக்கு இது உதவாது. பிளைவுட்டின் தரத்தில் குறையில்லை. முதன்முறை கட்டுபவருக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.