தினசரி ஊசியா, மஜ்ஜை மாற்றா?

கடுமையான பிறவி நியூட்ரோபீனியா, அதாவது கிருமியை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணு பிறவியிலேயே மிகக் குறைவாக இருக்கும் நோய், இருக்கும் குழந்தைக்கு முக்கியமாக இரண்டு வழிகள்தான். அந்த அணுவைப் பெருக்கும் பில்கிராஸ்டிம் ஊசியைக் காலம் முழுக்கப் போடலாம், அல்லது எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யலாம். என் மகளுக்கு ஊசியைத் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

பாக்டீரியா நுழைந்தால் முதலில் ஓடிவரும் வெள்ளை அணு நியூட்ரோபில். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்கவேண்டியது, இந்த நோயில் 500-க்குக் கீழேயே கிடக்கும். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மொத்தம் 4,500, அதில் நியூட்ரோபில் 4 சதவீதம் என்றால் கையிருப்பு வெறும் 180. மீதி இடத்தை மோனோசைட்டும் லிம்போசைட்டும் நிரப்பியிருக்கும். தொப்புளில் சீழ், வாய்ப்புண், ஈறு வீக்கம், ஆறாத கட்டி எனக் கைக்குழந்தையிலேயே ஆரம்பித்துவிடும். ஸ்வீடன் மருத்துவர் ரோல்ஃப் கோஸ்ட்மன் 1956-இல் இதை விரிவாக எழுதியபோது, அவர் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

மஜ்ஜை மாற்றின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே: வெற்றி பெற்றால் நோயே இல்லை. விலையும் தெரிந்ததே: கடும் கீமோ, கொடையாளரின் அணுக்கள் குழந்தையின் உடலையே தாக்கும் அபாயம், பிற்காலத்தில் குழந்தைப்பேறு பற்றிய கவலை. 136 நோயாளிகளைப் பற்றி 2015-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், மூன்று ஆண்டு முடிவில் உயிருடன் இருந்தவர்கள் 82 சதவீதம். நல்ல எண்தான். ஆனால் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கும்போது மிச்சமுள்ள 18-தான் கண்ணில் படுகிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: மருந்தின் அளவு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஊசிக்கு நியூட்ரோபில் கவுண்ட் ஏறுகிறது. ஆனால் எவ்வளவு போட்டால் ஏறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த நோயில் ரத்தப் புற்றுநோய் அபாயம் உண்டு. சர்வதேசப் பதிவேட்டை வைத்து 2006-இல் வந்த கணக்குப்படி, கிலோவுக்கு தினம் 8 மைக்ரோகிராமுக்கு மேல் போட்டும் கவுண்ட் சரியாக ஏறாதவர்களுக்கு, பத்தாண்டில் ரத்தப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வரும் வாய்ப்பு 40 சதவீதம். மற்றவர்களுக்கு 11. அதிக அளவு தேவைப்படுவதே நோயின் கடுமையைக் காட்டும் அடையாளமாகவும் இருக்கலாம். எப்படியானாலும், அளவு ஏறினால் தராசு மாற்று சிகிச்சையின் பக்கம் சாயும். என் மகளுக்குக் கிலோவுக்கு 3 மைக்ரோகிராமிலேயே கவுண்ட் நின்றது. அவள் தேவை இதைவிடப் பல மடங்காக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தலை வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

ஊசியின் அன்றாடம் அவ்வளவு லேசும் அல்ல. குப்பியில் இருப்பது ஒரு மில்லியில் 300 மைக்ரோகிராம். 14 கிலோ குழந்தைக்கு வேண்டியது 42, அதாவது 0.14 மில்லி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்று குறித்த இன்சுலின் சிரிஞ்சில் 14 யூனிட் அளவு. கெடாமல் காக்கும் மருந்து எதுவும் குப்பியில் சேர்க்கப்படாததால் மீதியைக் கொட்டத்தான் வேண்டும். அது வீணாவதைப் பார்த்து ஒவ்வொரு நாளும் வயிறு எரியும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும், உறையக் கூடாது, குலுக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள். அங்கே வெப்பநிலை நிலையாக இருக்காது. எலும்பு வலி வரும், மண்ணீரல் வீங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை மஜ்ஜைப் பரிசோதனை, அதில் குரோமோசோம் சோதனை.

21 நாளுக்கு ஒருமுறை கவுண்ட் சரியும் சுழற்சி வகை நியூட்ரோபீனியா என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். அதில் புற்றுநோய் அபாயம் மிகக் குறைவு, ஊசியே போதும்.

மஜ்ஜை மாற்று முடித்த பிள்ளைகளின் பெற்றோரை மருத்துவமனை வராந்தாவில் சந்தித்ததுதான் என் அனுபவம். அந்த வாழ்க்கையை நான் எடைபோடுவது அரைகுறையாகவே இருக்கும். அதனால் அந்தக் கதவை நாங்கள் மூடவில்லை. அவள் அண்ணனுக்கு இதே மரபணுக் கோளாறு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஹெச்எல்ஏ எனும் திசுப் பொருத்தமும் பார்த்துவைத்திருக்கிறோம். உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று, எங்களுக்குப் பொருந்தியது. மஜ்ஜைப் பரிசோதனையில் புற்றுநோய் அபாயத்தின் அடையாளமாக ஏழாவது குரோமோசோம் ஒன்று காணாமல் போயிருந்தாலோ, அளவு 8-ஐ நெருங்கினாலோ மாற்று சிகிச்சைக்குப் போய்விடுவது என்று மருத்துவருடன் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டோம்.