கொட்டாஞ்சேனை பிரேம் கடை: படம் கீறிப் பிழைப்பவர்களுக்காக எழுதுகிறேன்

கடையின் பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று கடைக்கார ஐயாவே கேட்டுக்கொண்டார், இருக்கிற வேலைக்கே அவருக்கும் உதவிக்கு நிற்கும் பெடியனுக்கும் நேரம் போதவில்லை. புதுச்செட்டித் தெருப் பக்கம் போய், சாமிப்படம் பிரேம் போடுகிற வயதான ஐயாவின் கடை எது என்று கேட்டால் யாராவது காட்டுவார்கள். கொழும்பில் இதைவிடப் பெரிய, குளிரூட்டிய பிரேம் கடைகள் இருக்கின்றன, அவற்றிலும் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சம்பள வேலையை விட்டுவிட்டு படம் விற்று வாழலாம் என்று யோசிக்கிற யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இந்தக் கடைக்குத்தான் அனுப்புவேன், பெயின்ட் கடைக்குக்கூட அதற்குப் பிறகுதான்.

நான் அங்கே முதலில் போனது என் படத்தோடு அல்ல. 2022 ஜனவரியில் அப்பா இறந்துவிட்டார், அந்தியேட்டிக்கு (முப்பத்தோராம் நாள் கிரியை) முன் அவருடைய படத்தைப் பெரிதாக்கிப் பிரேம் போட வேண்டியிருந்தது. வெள்ளவத்தையில் கேட்ட இடத்தில் பத்து நாள் என்றார்கள். அம்மாவின் சிநேகிதி ஒருவர் இந்தக் கடையைச் சொல்ல, 155 பஸ்ஸில் ஏறிப் போனேன். உள்ளே பிள்ளையார், மாதா, அந்தோனியார், மக்காவின் படம், பட்டமளிப்புப் படங்கள் என்று சுவர் முழுக்க இருந்தன. இறந்தவர்களின் படங்களை மட்டும் தனியாக ஒரு மேசையில், ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய துண்டு ஒட்டி, துணி போட்டு மூடி வைத்திருந்தார். அந்தத் திகதி தவறவே கூடாதாம், மற்ற எல்லாம் ஒருநாள் பிந்தலாம் என்றார்.

அப்பாவின் படம் மடங்காமல் இருக்க என் கீறல் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதை எடுக்கும்போது ஜிந்துப்பிட்டி முருகன் கோவில் தெருவை நான் கீறிய பக்கம் திறந்துவிட்டது.

“இதை யார் கீறினது, மகள்?”

“நான்தான் ஐயா.”

“விக்கிறதா?”

“இல்லை ஐயா, சும்மா.”

அவர் மேசையில் கிடந்த அடிமட்டத்தை எடுத்து என் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். “விக்கிறதா இருந்தா அளவைப் பாத்துக் கீறுங்க மகள். இந்த அளவுக்குப் பிரேம் போட்டா காசெல்லாம் பிரேமுக்கே போயிரும்.”

அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் அப்போது ஒரு விளம்பரக் கொம்பனியில் டிசைனராக இருந்தேன், படம் கீறுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. அப்புறம் அந்த வருடம் எப்படிப் போனது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வருடத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது, மார்ச்சில் தாள் இல்லை என்று மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள், எங்கள் அலுவலகம் மே மாதம் சம்பளத்தைப் பாதியாக்கியது. பாதிச் சம்பளத்துக்கு முழு நாள் வேலை, அதற்கு மேல் பெட்ரோல் வரிசை. ஓகஸ்டில் வேலையை விட்டேன். துணிச்சல் என்று சொல்ல முடியாது, அந்தப் பாதிச் சம்பளத்தைப் படத்தில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் விட்டேன். கணக்கில் பிரேமைச் சேர்க்க மறந்துவிட்டேன், அதுதான் பிழை.

தெரிந்த ஓர் ஓவியர் கிரீன் பாத்தில், நெலும் பொக்குண அரங்குக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில் தன் படங்களுக்கு ஓரமாக என் படங்களையும் சாத்தி வைக்க இடம் கொடுத்தார். அதே தெருவில்தான் கலா பொல நடக்கும், 1993இல் தொடங்கிய திறந்தவெளி ஓவியச் சந்தை, கூட்டம் நிறைய வரும், ஆனால் அது வருடத்தில் ஒரு முறை. மற்ற மாதங்களின் வாடகை இந்த நடைபாதையில்தான் வர வேண்டும். நான் முதலில் விற்ற படம் 13 அங்குலம் அகலம், 17 அங்குலம் உயரம். தாள் எப்படிக் கிழிந்ததோ அந்த அளவு. வீட்டுக்குப் பக்கத்தில் பிரேம் போட 4,600 ரூபா எடுத்தார்கள், 7,500க்கு விற்றேன், தாளும் நிறமும் 900, ஓட்டோ 1,100. நான்கு நாள் வேலைக்குக் கையில் மிஞ்சியது 900 ரூபா. அன்றிரவு ஐயாவின் அடிமட்டம் ஞாபகம் வந்தது, அடுத்த நாளே கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

இனி கடையைப் பற்றிச் சொல்கிறேன்.

நீர்வண்ணத்துக்கான முழுத் தாள் 22க்கு 30 அங்குலம். அதை நான்காகக் கிழித்தால் 11க்கு 15. அந்தப் படத்தை 16க்கு 20 பிரேமில் வைத்தால் நான்கு பக்கமும் சரியாக இரண்டரை அங்குலம் மவுண்டுக்கு, அதாவது படத்தைச் சுற்றி வரும் ஜன்னல் வெட்டிய அட்டைக்கு, இடம் கிடைக்கும், தாளிலும் ஒரு துண்டு வீணாகாது. இதை ஐயா ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார். எல்லாப் படத்தையும் இந்த ஒரே அளவில் கீறிப் பத்துப் பத்தாகக் கொண்டுவரச் சொன்னார், ஒரே அளவில் வெட்டும்போது மரமும் கண்ணாடியும் வீணாவது குறைவு, எனக்கு ஒன்றுக்கு 3,100 ரூபா மட்டும் எடுத்தார். அதற்குப் பிறகு மரமும் கண்ணாடியும் விலை ஏறி இப்போது 3,800 ஆகிவிட்டது. இன்னும் நியாயமான விலை என்றே சொல்வேன்.

மவுண்ட் வெட்டுவதை நின்று பாருங்கள், அவசரமென்றாலும் நின்று பாருங்கள். ஜன்னலை அட்டையின் சரிநடுவில் வெட்டமாட்டார். கால் அங்குலம் மேலே தள்ளி, மேலே இரண்டேகால், கீழே இரண்டேமுக்கால் என்று விடுவார். சரிநடுவில் வெட்டினால் சுவரில் தொங்கும்போது படம் கீழே வழுக்குவது போலத் தெரியும். முதலில் நான் நம்பவில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், அதற்குப் பிறகு பேச்சில்லை. கத்தியைச் சரித்துப் பிடித்து ஒரே இழுப்பில் வெட்டுவார், மூலையில் நின்றுவிடும், ஒரு மயிரிழைகூடத் தாண்டாது. எழுபதை நெருங்கிய கை அது.

மவுண்ட் அழகுக்கு மட்டும் அல்ல என்பதையும் அங்கேதான் படித்தேன். கொழும்புக் காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருக்கிறது. படம் நேராகக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் இடையில் தங்கி ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும். மவுண்ட் நடுவில் கொஞ்சம் காற்றுக்கு இடம் விடுகிறது. படத்தை அட்டையில் ஒட்ட செலோடேப், மாஸ்கிங் டேப் எதையும் தொடமாட்டார், சில வருடங்களில் அது மண்ணிறக் கறையாகி தாளுக்குள் இறங்கிவிடும். மெல்லிய தாள் துண்டை மாக்கூழ் தடவி மேலே இரண்டு இடத்தில் மட்டும் ஒட்டுவார், படம் மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்க இடம் வேண்டுமாம். பின்பக்கம் முழுக்கத் தாள் பட்டி ஒட்டி அடைப்பார், இராமபாணப் பூச்சி நுழையாது. கீழ் இரண்டு மூலையிலும் சின்ன ரப்பர்க் குமிழ், சுவருக்கும் பிரேமுக்கும் இடையில் காற்றுப் போக. கடற்கரைப் பக்கம் வீடு என்று சொன்னால் கொளுக்கியைப் பித்தளையில் போடுவார்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். அசிட் இல்லாத மவுண்ட் அட்டை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் சாதாரண அட்டைதான் போடுவார், ஏனென்றால் அவரிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் விலை பார்ப்பவர்கள். சாதாரண அட்டையின் வெட்டு விளிம்பு சில வருடங்களில் மஞ்சளாகும், படத்தின் ஓரத்தையும் மஞ்சளாக்கும். நல்ல அட்டைக்குச் சில நூறு ரூபா கூட. காசு கொடுத்து ஒருவர் வாங்கும் படத்துக்கு அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வெளிச்சம் தெறிக்காத கண்ணாடியும் கேட்டால் கிடைக்கும், எனக்குப் பிடிக்காது, நீர்வண்ணத்தின் பளிச்சென்ற இடங்களை அது மங்கலாக்கிவிடுகிறது.

எனக்கு மிக உதவிய யோசனை இன்னொன்று. யூலை, ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து நம் ஆட்கள் ஊருக்கு வருவார்கள், வெள்ளவத்தை ரயில் நிலையம், கொட்டாஞ்சேனைத் தெரு, அவர்கள் படித்த பாடசாலை என்று கேட்டுக் கீறிக்கொள்வார்கள், ஆனால் கண்ணாடி போட்ட படத்தை விமானத்தில் கொண்டுபோகப் பயம். எத்தனையோ விற்பனை அந்த இடத்தில் நின்றுபோனது. ஐயாதான் சொன்னார், பிரேம் இல்லாமல் மவுண்டும் பின்னட்டையும் போட்டு, கண்ணாடித் தாளில் சுற்றி விற்கச் சொல்லி. “அங்க போய் பிரேம் வாங்கட்டும், நீங்க அளவை மட்டும் சரியாக் குடுங்க.” கனடாவுக்குப் போகும் படம் 16க்கு 20 அங்குலம், அங்கே எந்தக் கடையிலும் அந்தப் பிரேம் கிடைக்கும். சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி என்றால் அங்கே 40க்கு 50 சென்ரிமீற்றர்தான் வழக்கம், 16க்கு 20 அங்குலம் அதைவிடச் சில மில்லிமீற்றர் பெரிது, உள்ளே போகாது. ஒருவர் பாரிசிலிருந்து படம் எடுத்து அனுப்பியபோதுதான் தெரிந்தது, என் மவுண்டைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார், பார்க்க மனது தாங்கவில்லை. இப்போது வாங்குபவரிடம் முதலில் எந்த நாடு என்று கேட்டுவிட்டுத்தான் ஐயாவிடம் அளவு சொல்கிறேன். என் வருமானத்தில் சரிபாதி இந்தப் பிரேமில்லாத படங்களில்தான் வருகிறது. நடுவில் ஒரு காட்சிக்கூடத்திலும் படம் கொடுத்துப் பார்த்தேன், விற்ற விலையில் 40 வீதம் அவர்களுக்கு, பிரேம் செலவு என்னுடையது, ஆறு மாதத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவந்துவிட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன நாளில் கிடைக்காது. அந்தோனியார் திருநாள் ஜூன் 13, அதற்கு முந்திய இரண்டு வாரமும் நவராத்திரிக்கு முந்திய வாரமும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், சாமிப்படங்களுக்குப் பிறகுதான் நம்முடையது. ஒருமுறை எனக்கு ஓர் அலுவலகத்துக்கு ஆறு படம் கொடுக்க வேண்டியிருந்தது, நான்கு நாள் பிந்தியது, அந்த அலுவலகம் அடுத்த முறை என்னைக் கூப்பிடவில்லை. அது எனக்கு உண்மையிலேயே நட்டம், ஐயாவிடமும் சொன்னேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார், அதன் பிறகு என் படங்களிலும் தேதி எழுதிய துண்டு ஒட்டத் தொடங்கினார். போனை எடுக்கமாட்டார், வாட்ஸ்அப் இல்லை, கார்ட் எடுப்பதில்லை, காசுதான். மரம் அறுக்கும் அதே இடத்தில்தான் கண்ணாடியும் பூட்டுகிறார்கள், அதனால் உள்ளே தூசி அகப்படும். கடையை விட்டு வெளியேறுமுன் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள், ஒரு துகள் இருந்தாலும் காட்டுங்கள், முகம் சுளிக்காமல் கழற்றித் துடைத்துத் தருவார். கன்வஸ் இழுத்துப் பூட்டும் வேலைக்கு இங்கே போகாதீர்கள், அது அவருடைய வேலை அல்ல, மூலைகள் தளர்ந்துவிடும்.

போகிறவர்கள் காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் போங்கள், படத்தை இரண்டு தடித்த அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோங்கள். பத்துப் படமென்றால் திரும்பும்போது பஸ் சரிவராது, ஓட்டோவுக்குக் காசு ஒதுக்குங்கள், அந்தக் காசையும் படத்தின் விலையில் சேருங்கள்.

போன மாதம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம். கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற வீடு, எல்லா ஆணியும் துருப்பிடித்திருந்தது. அப்பாவின் படத்தில் பித்தளைக் கொளுக்கி அப்படியே இருந்தது, பின்னால் ஒட்டிய பட்டியில் ஒரு மூலைகூடக் கிளம்பவில்லை, கண்ணாடிக்குள் ஒரு புள்ளி இல்லை. பக்கத்தில் தொங்கிய என் பட்டமளிப்புப் படம் வேறு இடத்தில் போட்டது, ஓரமெல்லாம் மண்ணிறமாகி, அப்பாவின் தோள் இருக்கிற பக்கம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டியதைக் கிழியாமல் எடுக்க முடியுமா என்று கேட்க வியாழக்கிழமை அதை ஐயாவிடம் கொண்டுபோகிறேன்.